மூடியில் எழுதியவன்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எங்கள் மேடம் முதல் வருடத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். மீதியெல்லாம் புத்தகத்திலேயே இருந்தது.

"புட்டியில எழுது. மூடியில எழுதாதே."

மூடி கழலும், உருளும், இன்னொன்றின் தலையில் போய் உட்காரும். புட்டி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும் என்பது அதற்கு விளக்கம். வாரத்துக்கு இரண்டு முறை சொல்வார். விடுமுறையைக் கழித்துவிட்டால் மூன்று வருடத்தில் தோராயமாக இருநூறு முறை கேட்டிருக்கிறேன்.

விடுதிச் சுவரில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் நான் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மேடம் தொப்பி போட்டவர்களை நம்புவதில்லை என்றும், கல்யாணத்தன்றே கணவருடைய சட்டையில் பெயர் எழுதிவிட்டார் என்றும் அதில் இருந்தது. நல்ல வரவேற்பு. சமையல்கூடத்து அண்ணன்கூடப் படித்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினார். மேடமும் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார். "எழுத்துப்பிழை மூணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கட்டுரை சுவரில் மஞ்சளாவதற்குள் நான் மூடியில் எழுதினேன்.

இறுதி வருடத்து ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது கரும்பு. கரும்புத் தண்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. கரும்பின் சர்க்கரையைச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். எங்கள் விடுதியில் யாரும் இப்படி உழைத்துச் சாப்பிட்டதாக வரலாறு இல்லை. வெட்டிய தண்டுத் துண்டுகளான விதைக் கரணைகளை நடுவதற்கு முன்னால் இந்தப் பாக்டீரியா கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால், அது உள்ளே குடிபுகுந்துவிடும். பிறகு யூரியாவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இதை ஒரு வயலில் நிரூபிக்க வேண்டும்.

வயல் என்றதும் எனக்கு அத்தை ஞாபகம் வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. மாமா தூர தேசத்துக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த ஒரு ஏக்கர் கரும்பு முழுக்க அத்தையுடையது. மாமாவின் பழைய கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டுக் கட்டியிருப்பாள். தண்ணீர் திறப்பது, மூடுவது, களையெடுப்பது எல்லாம் அதைப் பார்த்துத்தான். நான் பிறந்த நேரத்தையும் அவள்தான் குறித்து வைத்தாளாம். நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு என் பெயர் வாலு.

"பூச்சியைக் கொண்டாந்து என் வயல்ல விடணும்னு சொல்றியா?"

"பூச்சி இல்ல அத்தை, பாக்டீரியா. நல்ல பாக்டீரியா."

"நல்லதுன்னு அதுவே சொல்லிச்சா?"

"நான் சொல்றேன்."

"அப்ப யோசிக்கணும்டா வாலு."

யோசிக்கவில்லை. ஏக்கர் முழுவதையும் கொடுத்தாள். நான் கேட்டிருந்தது ஓரத்தில் பத்துப் பார், அதாவது பத்து வரிசை மட்டும். "செய்யுறதுன்னா முழுசா செய். நாளைக்கு உங்க மேடம் வந்து பாத்தா மூலையில ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கக் கூடாது" என்றாள். மேற்கு ஓரத்தில் ஆறு பார்களை மட்டும் ஒப்பீட்டுக்காக ஒதுக்கினோம். அந்த ஆறுக்கும் அதே தண்ணீர், அதே பாதி யூரியா. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே போகும் பாக்டீரியா கொல்லப்பட்டதாக இருக்கும். உயிருள்ள பாக்டீரியாவால்தான் பயிர் வளர்ந்தது, கூட இருந்த வளர்ப்புக் கஞ்சியால் இல்லை என்று காட்டுவதற்கு இதுதான் முறை.

பதினாறு புட்டிகளில் வளர்த்தேன். பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும் என்பதால் வாயில் பஞ்சு மட்டும் அடைத்திருந்தது. எட்டை உயிரோடு விட்டு, எட்டை ஆட்டோகிளேவில் வைத்தேன். ஆட்டோகிளேவ் என்பது ஆள் உயரப் பிரஷர் குக்கர். நூற்று இருபத்தோரு டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் எதுவும் மிஞ்சாது. வெந்த பிறகும் புட்டிக்குள் இருப்பது அதே கலங்கல், அதே நிறம். பார்த்துச் சொல்ல முடியாது.

மூடிகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எட்டு சிவப்பு, எட்டு நீலம். புட்டி வளைவாக இருந்தது, ஈரமாக இருந்தது, பேனா வழுக்கியது. மூடியோ தட்டையாக, காய்ந்து, எழுதச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. சிவப்பு மூடிகளில் 'இருக்கார்' என்று எழுதினேன். நீல மூடிகளில் 'போயிட்டார்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

வெந்த புட்டிகளை வெளியே எடுத்து மேசையில் ஒரு வரிசையாக வைத்தேன். உயிருள்ளவை இன்னொரு வரிசை. சூடு ஆறினால் மூடலாம். அதற்குள் ஆண்டு விழா நாடக ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாடகத்தில் எனக்குப் பிணம் வேடம். வசனம் கிடையாதுதான், ஆனால் பிணம் வராமல் முதல் காட்சியைத் தொடங்க முடியாது.

இரண்டரை மணி நேரம் செத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் துடைப்புத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மேசையைத் துடைச்சேன் தம்பி. உன் புட்டியெல்லாம் பத்திரமா இருக்கு."

இருந்தன. ஜன்னல் பக்கம் எட்டு, குழாய்ப் பக்கம் எட்டு. தொட்டுப் பார்த்தேன். பதினாறும் ஒரே குளிர்ச்சி.

"அண்ணே, ஜன்னல் பக்கம் இருந்தது எது?"

"ஜன்னல் பக்கம் இருந்ததுதான் ஜன்னல் பக்கம் இருக்கு. நான் எதையும் மாத்தல."

அவர் மாற்றவில்லை. அவற்றை அங்கே வைத்த எனக்குத்தான் எதை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. இதைக் கண்டுபிடிப்பது சிரமமான காரியமும் இல்லை. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உயிருள்ளவை நீந்தும், செத்தவை நீந்தாது. பத்து நிமிட வேலை. நுண்ணோக்கி அறை பூட்டியிருந்தது. சாவி அண்ணனிடம் இருந்தது. அண்ணன் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் ஜன்னல் பிடிக்கும் என்று முடிவுசெய்து, அந்த வரிசைக்குச் சிவப்பு மூடி போட்டேன்.

மறுநாள் காலையில் நடவு. ஏழு சிவப்பும் ஒரு நீலமும் வயலுக்குப் போயின. மிச்சமிருந்த ஒரு சிவப்பும் ஏழு நீலமும் ஆய்வகக் குளிர்பெட்டியில் தங்கின. வேலியோரம் இருந்த மரத்தின் நிழலில் அத்தை பெரிய அண்டாவை வைத்தாள். கரணைகளை நான் எண்ணி எண்ணிப் போட, அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது நிமிடம் என்று சொல்லியிருந்தேன். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகிவிடுவாள்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். அவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, பெயர் போகவில்லை.

"என்னம்மா, கரும்புக்குக் காய்ச்சலா? கஷாயத்துல முக்குறீங்க?"

"உங்க உதட்டு மேலயும் ரெண்டு சொட்டு விடுறேன், வாங்க. முளைக்குதான்னு பாப்போம்" என்றாள் அத்தை.

அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். புறப்படும்போது என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "டேய் வாலு, உங்க அப்பன்கூட எனக்கு இவ்வளவு வேலை செஞ்சதில்லடா" என்றாள்.

நாற்பதாம் நாள்வரை நான் நன்றாகத்தான் இருந்தேன். இடைக்கால அறிக்கையில் 'ஒரு சொட்டில் எத்தனை உயிர்' என்று ஒரு எண் எழுத வேண்டியிருந்தது. குளிர்பெட்டியிலிருந்து சிவப்பு ஒன்றையும் நீலம் ஒன்றையும் எடுத்து, ஆளுக்கொரு தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். உயிர் இருந்தால் சில நாளில் தட்டில் புள்ளி புள்ளியாக வளரும்.

திறந்து பார்த்தபோது 'போயிட்டார்' தட்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள். இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. 'இருக்கார்' தட்டு, கழுவி வைத்த தட்டுப் போலப் பளபளவென்று இருந்தது.

இரண்டின் மேல் எழுதியிருந்ததையும் மறுபடி படித்தேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஏதாவது வேடிக்கையாகத் தோன்றும். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை.

அத்தை தன் ஏக்கர் முழுவதற்கும் பிணத்தை ஊற்றியிருக்கிறாள். என் பேச்சைக் கேட்டு முப்பதாம் நாள் யூரியாவைப் பாதியாகப் போட்டிருக்கிறாள். அறுபதாம் நாளும் பாதிதான் போடப் போகிறாள். கரும்பு தூர்விட்டுக் கிளைக்கிற பருவம் இது. இப்போது பசித்தால் தூர்கள் காயும். காய்ந்த தூர் அப்புறம் எத்தனை மூட்டை கொட்டினாலும் எழுந்து வராது. ஒரு வருடத்துப் பயிர். எனக்கு இருபது நாள் இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் சனிக்கிழமை. சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். பேருந்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் ஆய்வக அண்ணனின் துடைப்புத் துணி முக்கியப் பாத்திரமாக வந்துகொண்டிருந்தது.

அத்தை வயல் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாலு, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"என்ன அத்தை?"

"முதல்ல வயலைப் பாரு."

பார்த்தேன். மேற்கு ஓரத்து ஆறு பார்களும் கரும்பச்சையாக, விறைப்பாக நின்றன. மீதி வயல் முழுவதும் பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் நிறத்தில் வெளிறியிருந்தது.

"செத்த மருந்து ஊத்தினது எப்படி நிக்குது பாரு. நல்ல மருந்து ஊத்தினது எப்படி இருக்கு பாரு. நான்தான்டா கெடுத்துட்டேன்" என்றாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அன்னிக்கு அண்டாவை மரத்தடியில வச்சேனா, நிழல் நகர்ந்திருக்கு. நான் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன், நிழலைப் பாக்கல. முதல் நடையிலயே அண்டாவுல வெயில் பட்டுது. உங்கிட்ட சொல்லவும் பயம். சின்ன உசிரு. தாங்குமா? அதுங்க வெந்து செத்துப்போச்சு."

அவை வெந்து செத்தது உண்மை. நூற்று இருபத்தோரு டிகிரியில், இருபது நிமிடம்.

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன்.

"பரவாயில்ல அத்தை" என்றேன்.

இந்த மூன்று வருடத்தில் நான் எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்த இரண்டு சொல் அளவுக்குக் கேவலமானதில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்குப் பெரிய மனசுடா" என்றாள்.

பெரிய மனதோடு சுற்றி வளைத்துப் பார்த்தேன். "அறுபதாம் நாள் மட்டும் யூரியாவை முழுசா போட்டுடுங்க அத்தை. பயிர் தேறிடும்."

"போட்டா உன் கணக்கெல்லாம் என்னாகும்? பாதின்னு எழுதியிருக்கியே."

"அது போகட்டும் அத்தை."

"போகட்டுமாம். ஒரு தடவை நான் கெடுத்தது போதாதா? பாதின்னு வாக்குக் கொடுத்தேன், பாதிதான். உன் படிப்புல விளையாட மாட்டேன்."

"மாமா என்ன சொல்வார்?"

"நேத்து போன்ல கேட்டார், பச்சையா இருக்கான்னு. இருக்குன்னு சொல்லிட்டேன்." காலால் ஒரு மண்கட்டியை உடைத்தாள். "அந்த மனுஷன்கிட்ட நான் பொய் சொன்னதே இல்லடா."

வரப்பில் மீசை போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினார். "கஷாயம் ஒத்துக்கலையா?" என்று கேட்டார். அத்தை மீசைக்குப் பதில் சொல்லாமல் நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். 'கையாளுதலில் ஏற்பட்ட பிழை காரணமாக எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை.' எவ்வளவு அழகான வாக்கியம்! பிழை ஏற்பட்டிருக்கிறது, மழை பெய்வதுபோல. அதில் ஆளே இல்லை.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யார் கையாளுதல்?"

"வயல்ல மேடம்."

"ஊறவைக்கும்போதா?"

"வெயில் பட்டிருக்கும்னு அத்தை சொல்றாங்க மேடம்." இதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தை அப்படித்தான் சொல்கிறாள்.

"ஐம்பத்தொன்பதாம் நாள் இங்க விவசாயிகள் கூட்டம் இருக்கு. அவங்களைக் கூட்டிட்டு வா. எனக்கு நல்லா விளைஞ்சுதுன்னு சொல்றவங்க நூறு பேர் வருவாங்க. எங்க தப்பு செஞ்சேன்னு சொல்றவங்க ஒருத்தர்கூட வர மாட்டாங்க. அவங்க வந்து சொன்னா பத்துப் பேருக்கு உதவும்."

அத்தையை வர விடாமல் தடுக்க ஆன மட்டும் பார்த்தேன். மைக் முன்னால் பேச வேண்டும் என்றேன், எண்பது பேர் இருப்பார்கள் என்றேன், மீசையும் வருவார் என்றேன். "வரட்டுமே. மத்தவங்களாவது நிழலைப் பாத்துக்கட்டும்" என்றாள்.

இடையில் மூன்று முறை மேடத்தின் அறைக்குப் போனேன். முதல் முறை அவர் தொலைபேசியில் இருந்தார், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் முறை சும்மா இருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

சுவர்ப் பத்திரிகைக்கு அந்த வாரம் நான் எதுவும் கொடுக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கூட்டத்துக்கு அத்தை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் நேரங்களைக் குறித்திருந்தாள்: அண்டா வைத்தது எட்டு நாற்பது, வெயில் பட்டது தோராயமாக ஒன்பது, முதல் நடை ஒன்பது பத்து. தன் மேல் தானே போட்ட வழக்குக்குத் தானே சாட்சியம் தயார்செய்திருந்தாள்.

நான் மூன்றாம் வரிசையில், விடுதி நண்பர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அத்தை மைக்கை ஒரு முறை பயத்தோடு பார்த்துவிட்டு, தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். நிழல் நகர்ந்த இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து மீசையின் குரல் கேட்டது.

"கரும்பு நடச் சொன்னா கிருமிக்கு வெயில் குளியல் பண்ணியிருக்காங்க!"

அரங்கம் சிரித்தது. அந்த வரியை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அத்தை தாளை மடித்தாள்.

"சிரிங்க. தப்பு பண்ணினா சிரிக்கத்தான் செய்வாங்க. ஆனா மருந்து நல்ல மருந்து. எங்க அண்ணன் பையன் ராப்பகலா உக்காந்து செஞ்சது. நான் கெடுத்தேன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கோவமா பேசல அவன். பரவாயில்ல அத்தைன்னான். அதை யாரும் குறை சொல்லாதீங்க. கொன்னது நான்தான்."

நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததாக ஞாபகமில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்த சத்தம் கேட்டதும்தான் எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"அத்தை கொல்லல. நான்தான் கொன்னேன்."

அரங்கம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. விடுதி நண்பர்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவன் என் சட்டையை இழுத்து, "அடுத்த வரி என்னடா?" என்று ஆவலாகக் கேட்டான். மூன்று வருடமாக நான் இவர்களைப் பழக்கிவைத்திருந்தது இதற்குத்தான். மேடையில் அத்தைகூட, அத்தையைக் காப்பாற்ற வாலு ஏதோ வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து லேசாகச் சிரித்தாள்.

"உக்காருப்பா, அப்புறம் பேசலாம்" என்றார் மேடம்.

"மூடியில எழுதினேன் மேடம்."

மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவரைப் பார்த்து முதல் வரிசை அடங்கியது. முதல் வரிசையைப் பார்த்து இரண்டாம் வரிசை. சிரிப்பு அப்படியே பின்னால் போய், கடைசியில் மீசை மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்து, அவரும் நிறுத்தினார்.

மீதியைச் சொன்னேன். வேகவைத்தது, பிணம் வேடம், ஜன்னல், சாவி, இரண்டு தட்டுகள். வயலுக்குப் போனது பிணம்தான், குளிர்பெட்டியில் இருப்பதுதான் உயிர் என்றேன். துடைப்புத் துணியை மட்டும் விட்டுவிட்டேன். என் குரல் எனக்கே ஏதோ வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டது. முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

மேடம் எழுந்து என்னிடம் வந்தார். திட்டவில்லை. "அறிக்கையைத் திருப்பி எழுது. முதல் வாக்கியம் 'நான்'னு ஆரம்பிக்கணும். எழுத்துப்பிழை இருக்கக் கூடாது" என்றார்.

அத்தை வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். தாள் இன்னும் கையில் இருந்தது. நான் இரண்டு படி கீழே நின்றேன்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பத்தொன்பது நாள் அத்தை."

கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் நாள் காட்டாது.

"அன்னிக்கு வயலுக்கு வந்தீங்களே, அப்பவே தெரியுமா?"

எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுதான் பரவாயில்லைன்னு சொன்னீங்க."

அவள் தாளை இரண்டாகக் கிழிக்கப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் வரேங்க" என்று சொல்லிவிட்டுப் புதுச் செருப்பு கடிக்க, மெதுவாகப் படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

அறுபதாம் நாள் காலை முதல் பேருந்தில் வயலுக்குப் போனேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. யூரியாவை முழு அளவு எடுத்துவைத்திருந்தாள். நான் ஒரு பாரில், அவள் அடுத்த பாரில், வேரடியில் இட்டு மண் அணைத்துக்கொண்டே போனோம். ஓரத்துத் தூர்களில் சில ஏற்கெனவே காய்ந்திருந்தன. அவற்றை அவள் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"அந்தப் பாரை முடிச்சிட்டுத் தண்ணி குடிங்க."

"சரி அத்தை."

"கையில பட்டா எரியும். கழுவிக்குங்க."

மரியாதையால் ஒருவரை அடிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று வருடம் கட்டுரை எழுதிச் சிரமப்பட்டிருக்க மாட்டேன்.

வரப்பில் மீசை வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் கிண்டல் குறைவாகத்தான் இருந்தது. "என்னம்மா, மருமகனுக்கு மரியாதை பலமா இருக்கு?"

"படிச்சவங்க" என்றாள் அத்தை, நிமிராமல்.

உயிருள்ள பாக்டீரியாவை மக்கிய குப்பையில் கலந்து இப்போதாவது வேரடியில் போடலாம்; ஆனால் யூரியா இட்ட சூட்டில் அதை விடக்கூடாது. அதற்கு ஒரு வாரம் கழிய வேண்டும். அந்த ஒரு வாரத்தில் குளிர்பெட்டியில் இருந்த ஏழு நீல மூடிப் புட்டிகளிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சாவியை அண்ணன் கேட்காமலே கொடுத்தார். ஏழிலும் நீந்திக்கொண்டிருந்தன. மூடிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவற்றைப் போட்டேன். புட்டியில், வளைவில், பேனா வழுக்க வழுக்க எழுதினேன்.

வாரம் முடிந்து நான் புட்டிகளோடு போனபோது, அத்தை முந்தைய நாளே மக்கிய குப்பையைச் சலித்து, கொட்டகைக்குள் குவித்துவைத்திருந்தாள். அண்டாவும் உள்ளேதான் இருந்தது. மாமா முந்தின இரவு வந்திருக்க வேண்டும். வாசலில் லாரி நின்றது. அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது, அவர் என்னைப் பார்த்ததும் லாரியின் சக்கரத்தைப் பரிசோதிக்கப் போனதில் தெரிந்தது.

மண்டியிட்டு அண்டாவைப் பிடித்துக்கொண்டேன். அத்தை முதல் புட்டியை வாங்கி, எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கலங்கலைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. மூடியைத் திறந்து, அண்டாவுக்குள் மெதுவாகச் சரித்தாள்.

"டேய், ஒழுங்கா வேலை செய்யுங்கடா. இங்க வந்து செத்துகித்து வச்சீங்க, தெரியும் சேதி!"

எத்தனை கோடி பேரிடம் சொன்னாள் என்று என்னால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். தலைக்கு மேல் அந்த 'டேய்' விழுந்தபோது அண்டாவின் விளிம்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் இரண்டாவது புட்டிக்குக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் வாசல் பக்கமா தள்ளி உக்காருங்க," என்றாள் என்னிடம், "நிழல் வேணும்."